58 வயசுல மறுபடியும் குதிரை வாங்கலாமா?

கேள்வி: எங்கப்பா ஜட்கா வண்டி வெச்சிருந்தாரு. சின்ன வயசுல சேணமே இல்லாம குதிரை மேல ஏறி வாய்க்கா மேட்டுல ஓட்டியிருக்கேன். அப்புறம் கல்யாணம், டீச்சர் வேலை, புள்ளைங்கன்னு காலம் போயிடுச்சு. இப்ப ரிட்டையர்டு, வயசு 58, தோட்டத்துல இடம் இருக்கு. வர்ற ஆடிக்கு அந்தியூர் சந்தையில ஒரு குதிரை வாங்கி, கீழ்பவானி வாய்க்கா கரையில காலையில மெதுவா போயிட்டு வரணும்னு ஆசை. வீட்ல எல்லாரும் வேண்டாங்குறாங்க. நீங்க என்ன சொல்றீங்க? (பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம்)

பதில்: வாங்குங்கக்கா. ஆனா இந்த ஆடிக்கு வேண்டாம், அடுத்த ஆடிக்கு.

ஏன்னா இத்தனை வருஷம் கழிச்சு ஏறும்போது கடிவாளம் புடிக்கறது கைக்கு ஞாபகம் வந்துரும், தைரியமும் கூடவே வந்துரும், ஆனா இடுப்பும் தொடையும் அந்த வேகத்துக்கு வராது, அந்த இடைவெளியிலதான் நிறைய பேர் விழறாங்க. அதனால இந்த ஒரு வருஷம் கோயம்புத்தூர் பக்கம் ஏதாவது ரைடிங் ஸ்கூல்ல பழகின குதிரையில ஏறுங்க. அதுக்கும் முன்னாடி டாக்டர்கிட்ட எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒண்ணு கேளுங்க, மாதவிடாய் நின்ன பிறகு எலும்பு வேகமா மெலியும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறீங்கன்னா அதையும் சொல்லிடுங்க, அந்த மாத்திரையில இருக்கறவங்க தலை அடிபட்டா நல்லாத்தான் இருக்கேன்னு வீட்ல படுக்கக்கூடாது, நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். பைக் ஹெல்மெட் சரிப்படாது, குதிரை சவாரிக்குன்னே இருக்கற ஹெல்மெட் வாங்குங்க. குதிகால் வெச்ச ஷூவும் வேணும், இல்லன்னா கால் அங்கவடிக்குள்ள (சேணத்துல பாதம் வெக்கற வளையம்) முழுசா நுழைஞ்சு மாட்டிக்கும், விழுந்தா இழுத்துட்டுப் போயிடும். ஏறும்போது திண்ணை மாதிரி உயரத்துல நின்னு ஏறுங்க. உங்க முட்டிக்கும் நல்லது, குதிரை முதுகுக்கும் நல்லது.

இப்ப எந்த குதிரைங்கறதுக்கு வருவோம், இதுதான் முக்கியம். சந்தையில காது ரெண்டும் உள்பக்கம் வளைஞ்சு ஒண்ணையொண்ணு தொடற மார்வாரி, கத்தியவாரி குட்டிங்களைப் பார்த்தா மனசு அங்கேயே நின்னுடும், தெரியும். நீங்க இளங்குட்டி பக்கமே போகாதீங்க. பன்னெண்டுலருந்து பதினாறு வயசுக்குள்ள, ரோடு, லாரி, நாய் எல்லாம் பார்த்து அலுத்த குதிரையாத் தேடுங்க. ரேஸ்ல ஓடி ஓஞ்ச குதிரை கம்மி விலைக்கு வரும், அழகாவும் இருக்கும், ஆனா அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் வேகம்தான், திரும்பப் பழக்காம உங்களுக்கு ஆகாது.

குதிரை உடம்புல இருக்கற முடிச் சுழி பார்த்து வாங்கறவங்க நம்ம பக்கம் ஜாஸ்தி. நம்பிக்கை இருந்தா பாருங்க, ஆனா அதுக்கு முன்னாடி குளம்பைத் தூக்கிப் பாருங்க, கெட்டித் தரையில ஓடவிட்டு நொண்டுதான்னு பாருங்க. அஞ்சு வயசோட நிலைப் பல்லெல்லாம் முளைச்சு வாய் நிறைஞ்சுடும், அதுக்கப்புறம் பல்லு தேய்மானத்தை வெச்சு கணிக்கறதுதான், அதனால விக்கறவரு சொல்ற வயசை நம்பாம கால்நடை டாக்டர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. நீங்க, சேணம் ரெண்டும் சேர்ந்து குதிரை எடையில அஞ்சுல ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. கிளாண்டர்ஸுக்கு ரத்த டெஸ்ட் எடுக்காம வீட்டுக்கு ஓட்டிட்டு வராதீங்க. அது மனுஷங்களுக்கும் தொத்தற நோய், வந்தா குதிரைக்கு வைத்தியம் கிடையாது, சட்டப்படி கொன்னுடுவாங்க.

தீனி விஷயத்துல மாடு வளர்த்த பழக்கத்தைக் கொண்டு வராதீங்க. மாட்டுக்குப் போடற கோ-4 தீவனப் புல்லை மட்டும் வெட்டிப் போட்டா அதுல இருக்கற ஆக்சலேட்டு சுண்ணாம்புச் சத்தை உடம்புல சேரவிடாது, குதிரை எலும்பு தேஞ்சுரும். குதிரை மசால்ங்கற தீவனப் பயிரும் வேற காஞ்ச புல்லும் கலந்து நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா மேயணும். கொள்ளுத் தானியத்தை அள்ளி அள்ளி வெக்காதீங்க, குதிரைக்கு வாந்தி எடுக்கவே வராது, வயித்துவலி வந்தா உயிருக்கே ஆபத்து. தண்ணி ஒரு நாளைக்கு 30 லிட்டர் குடிக்கும், வெயில் காலத்துல இன்னும் ஜாஸ்தி. ஆறேழு வாரத்துக்கு ஒருக்கா குளம்பு சீவி லாடம் கட்டணும், அந்த ஆள் உங்க ஊருக்கு வருவாரான்னு இப்பவே விசாரிச்சு வைங்க. அப்புறம் தனியாக் கட்டாதீங்க, குதிரை கூட்டமா வாழற ஜீவன், இன்னொரு குதிரை முடியலன்னா ஒரு ஆடாவது துணைக்கு வேணும்.

வாய்க்கா கரைக்கு எடுத்த உடனே ஏறிப் போகாதீங்க. முதல்ல கையில புடிச்சு நடத்திட்டே போங்க, பிளாஸ்டிக் கவர் பறக்கறது, டிராக்டர் சத்தம், பாலம் எல்லாத்தையும் குதிரை உங்க பக்கத்துல நின்னு பார்க்கட்டும். சரிவு ஓரம் வேண்டாம். தனியாப் போனா போனை சேணத்துல மாட்டாம உங்க உடம்புல வெச்சுக்கோங்க, நீங்க விழுந்தாலும் குதிரை நிக்காது. காட்டுப் பக்கம் ஆசைப்பட்டு வனத்துறை அனுமதி இல்லாம நுழையாதீங்க.

வீட்ல வேண்டாங்குறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அவங்க பயம் நியாயமானது, அதை ஒதுக்காதீங்க. குதிரை இருபத்தஞ்சு முப்பது வருஷம் வாழும். உங்களுக்கு ஒரு மாசம் முடியாமப் போனா யார் தண்ணி வெப்பாங்க, நீங்க ஏற முடியாத வயசு வந்தா அது எங்க இருக்கும், இதெல்லாம் மகன்கிட்டயோ மகள்கிட்டயோ உக்காந்து பேசி, செலவுக்குன்னு தனியா ஒரு தொகையும் எடுத்து வைங்க. அதுக்கு ஒத்துக்கிட்டவங்க யாரோ அவங்களையும் ரைடிங் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஏறலைன்னாலும் பரவால்ல, புடிச்சு நடத்தவும் குளம்பைச் சுத்தம் பண்ணவும் அவங்களும் பழகிக்கட்டும்.