டம்மி போடத் தெரியுமா?

கேள்வி: பி.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். நாளிதழில் சப் எடிட்டர் ஆக வேண்டும் என்று ரொம்ப ஆசை. விசாரித்த இடத்தில் எல்லாம் 'லேஅவுட் தெரியுமா, இன்டிசைன் தெரியுமா' என்றுதான் கேட்கிறார்கள். மூன்று மாத டிடிபி வகுப்பு போதுமா, ஐயா?
- வாசகி, விருதுநகர்

பதில்: வகுப்பில் சேருங்கள், தப்பே இல்லை. ஆனால் அங்கே கற்றுத் தருவது இன்டிசைன் மாதிரி பக்கம் வடிவமைக்கும் மென்பொருளை மட்டும்தான். பக்கம் போடுவதை நீங்கள் இன்றைக்கே, கம்ப்யூட்டர் இல்லாமலே தொடங்கலாம்.

வீட்டில் இருக்கும் நாளிதழின் ஒரு பக்கத்தை வெள்ளைத் தாளில் பென்சிலால் கட்டம் போட்டு வரையுங்கள். மொத்தம் எட்டு காலம் (செய்தி மேலிருந்து கீழாக ஓடும் பத்தி) என்றால் எந்தச் செய்தி எத்தனை காலம், படம் எங்கே, விளம்பரம் எவ்வளவு உயரம் என்று குறியுங்கள். இதுதான் டம்மி. விளம்பரம் முதலிலேயே கீழே இடம் பிடித்துவிடும், மிச்சம்தான் நமக்கு. அப்புறம் அதே செய்திகளை வைத்து வேறு விதமாக நீங்களே ஒரு பக்கம் போட்டுப் பாருங்கள். எதை மேலே ஏற்றலாம், எதை ஒரு காலத்தில் அடக்கலாம் என்று யோசிக்கும்போதே எடிட்டிங் வேலையும் தொடங்கிவிடும். இரண்டையும் தனித்தனியாகப் படிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது தலைப்பு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இரண்டு காலத்தில் பெரிய எழுத்தில் வைத்தால் ஒரு வரிக்கு இரண்டு, மூன்று சொல்தான் நிற்கும். இடம் போதவில்லை என்றதும் புதியவர்களின் கை முதலில் போவது வேற்றுமை உருபுக்குத்தான். 'ஆசிரியரைத் தாக்கிய மாணவர் கைது' என்பதில் ஐ-யை எடுத்தால் 'ஆசிரியர் தாக்கிய மாணவர் கைது' ஆகிவிடும். அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்பதே தலைகீழாகிவிட்டது, பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒன்று என் கையால் அச்சுக்குப் போய், மறுநாள் காலை அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் அலுவலகத்துக்கே வந்து நின்றார், அந்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இடம் போதாவிட்டால் சொல்லை மாற்றுங்கள், எழுத்தின் அளவைக் குறையுங்கள், உருபில் மட்டும் கை வைக்காதீர்கள். தலைப்பை இரண்டு வரியாகப் பிரிக்கும்போதும் பொருள் முடிகிற இடத்தில் பிரியுங்கள். 'கடலூரில் கனமழை' ஒரு வரி, 'பள்ளிகளுக்கு இன்று விடுமுறை' அடுத்த வரி. 'பள்ளிகளுக்கு' மேல் வரியில் ஒட்டிக்கொண்டால் படிப்பவர் தடுக்கி விழுவார்.

செய்திக்கு உள்ளேயும் இதே தொல்லைதான். சுமார் நாலு சென்டிமீட்டர் அகலக் காலத்தில் வரிக்கு இரண்டு, மூன்று சொல்தான் வரும், அதனால் சொல்லை உடைத்தே ஆக வேண்டும். புள்ளி எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது. 'கொ' உடைந்து கொம்பு ஒரு வரியிலும் மிச்சம் அடுத்த வரியிலும் நிற்கக் கூடாது. பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாக இருந்ததால் இந்த விபத்து அடிக்கடி நடக்கும். யூனிகோடில் அது குறைவு, ஆனால் இன்டிசைனில் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் எழுத்துகள் சரியாக இணையாது. முதல் நாளே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வரி இடைவெளியும் முக்கியம்: 10 பாயின்ட் (எழுத்தை அளக்கும் அலகு) எழுத்துக்கு வரிக்கு வரி 12 பாயின்ட் என்பது ஆங்கிலக் கணக்கு. நமக்கு 'கீ' மேலே சுழிக்கும், 'மூ' கீழே இறங்கும். 13 ஆவது வேண்டும் என்பேன், எழுத்துருவைப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம்.

தினமும் ஒரு நீளமான செய்தியை எடுத்து 120 சொல்லுக்குச் சுருக்குங்கள், பிறகு 60-க்கு. கடைசிப் பத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள். நகராட்சிக் கூட்டச் செய்திகளில் வரி உயர்வு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கேள்வி: சப் எடிட்டருக்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டுமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: கட்டாயம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இன் 23ஆவது பிரிவு ஒன்றையாவது மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி, இவற்றில் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். நிருபர் அவசரத்தில் எழுதி அனுப்பியிருப்பார், கடைசியில் தடுக்க வேண்டியது நீங்கள்தான். கைதானவர் குழந்தையின் தந்தையாக இருந்தால், அவர் பெயரைப் போட்டாலே குழந்தை யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அந்த இடத்தில் அவர் பெயரையும் எடுத்துவிடுங்கள், நிருபர் எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி.