நெடுநாள் நின்ற பழைய கார் ஸ்டார்ட் ஆகாதபோது: எரிபொருள் எந்த இடத்தில் தடைப்படுகிறது?

ஓட்டாமல் நின்றுபோன பழைய கார்களைப் பற்றிய கேள்விகளையே இம்முறை தொகுத்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். டேங்க்கிலிருந்து சிலிண்டர் வரையிலான பாதையில் எரிபொருள் எந்த இடம் வரை வந்து நிற்கிறது என்பதைக் கண்டறிந்த பிறகுதான் எந்த உதிரிபாகத்தையும் வாங்க வேண்டும் என்பதே எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக நின்றிருந்த பெட்ரோல் இன்ஜெக்ஷன் காருக்குப் புதிய பேட்டரி போட்டேன். செல்ஃப் நன்றாக எடுக்கிறது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. ஃபியூயல் பம்ப்பை மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

இப்போதே மாற்ற வேண்டாம். குறைவது பெட்ரோல்தானா என்பதே இன்னும் உறுதியாகவில்லை. சில வினாடிகள் செல்ஃப் எடுத்துவிட்டு உடனே ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது காய்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டரை எட்டவில்லை என்றும், நனைந்து பெட்ரோல் வாசனை அடித்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க்கிலோ பெட்ரோலின் தரத்திலோ குறை இருக்கிறது என்றும் கொள்ளலாம். பிளக் காய்ந்திருந்து, ஏர் இன்டேக்கில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை ஒரு நொடி மட்டும் அடித்ததும் எஞ்சின் பிடித்து உடனே அணைந்தால், ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் ஓரளவு சரியாகவே உள்ளன. தேட வேண்டியது எரிபொருள் பாதையில்தான். ஸ்ப்ரே அடித்தும் ஒரு முறைகூடப் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க், டைமிங் பெல்ட், கிராங்க் சென்சார் (எஞ்சின் சுழல்வதை உணரும் கருவி) ஆகியவற்றை முதலில் பாருங்கள். இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு அமைப்பு) விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தாலும் பல கார்களில் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் இயங்காது. அதற்காகப் பம்ப்பை மாற்றுவது வீண் செலவு.

கேள்வி: சாவியை ஆன் செய்யும்போது டேங்க் பக்கத்திலிருந்து எந்தச் சத்தமும் வருவதில்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. பம்ப் போய்விட்டது என்று முடிவு செய்யலாமா?

பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் சாவியை ஆன் செய்ததும் பம்ப் சுமார் 2 வினாடி ஓடி, லைனில் அழுத்தத்தை ஏற்றிவிட்டு நிற்கும். ஆனால் எல்-ஜெட்ரானிக் வகையைச் சேர்ந்த சில பழைய இன்ஜெக்ஷன் அமைப்புகளில் எஞ்சின் சுழலும்போதுதான் பம்ப் ஓடும் என்பதால், சாவியை ஆன் செய்தபோது சத்தம் கேட்கவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒருவர் செல்ஃப் எடுக்க, இன்னொருவர் டேங்க் அருகில் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

அப்போதும் அமைதி என்றால், பம்ப்பின் ரிலேக்குப் (பம்ப்புக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) பதிலாக அதே வகையான வேறொரு ரிலேயை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மோதலின்போது பெட்ரோலைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் உள்ள கார்களில் அதன் பொத்தானை அழுத்திவிடுங்கள். அடுத்து, பம்ப்பின் கனெக்டரில் மின்சாரம் வருகிறதா என்று சோதியுங்கள். மல்டிமீட்டரை மட்டும் நம்பாமல் ஒரு டெஸ்ட் லாம்ப்பையும் பயன்படுத்துங்கள்; துரு ஏறி ஓரிரு இழை மட்டுமே மிஞ்சிய ஒயரில்கூட மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும், ஆனால் பம்ப்புக்கு வேண்டிய கரண்ட் அதன் வழியே பாயாது. இதைச் செய்யாமல் நல்ல பம்ப்புகளைத் தூக்கி எறிபவர்கள் பலர். லாம்ப்பின் ஒரு முனையை பாடியில் வைக்காமல் பம்ப்பின் எர்த் ஒயரிலேயே வைத்துச் சோதித்தால் எர்த்தின் நிலையும் தெரிந்துவிடும். லாம்ப் பளிச்சென்று எரிந்தும் பம்ப் ஓடவில்லை என்றால், பழைய பெட்ரோலின் பிசினில் அது இறுகியிருக்கக்கூடும். ஒருவர் செல்ஃப் எடுக்கும்போது டேங்க்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் சில சமயம் ஓடத் தொடங்கும். அப்படி ஓடினால் பழுது பம்ப்பில்தான் என்பது உறுதி. அதை நம்பிப் பயணம் போகக் கூடாது.

கேள்வி: பம்ப் ஓடுகிறது, ஸ்பார்க்கும் இருக்கிறது. டேங்க்கில் பாதி அளவு பழைய பெட்ரோல் உள்ளது. அதன் மேல் புதுப் பெட்ரோல் ஊற்றினால் போதுமா?

முதலில் ஒரு கண்ணாடிக் குடுவையில் சிறிது பெட்ரோலைப் பிடித்து, சற்று நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் பிடிப்பதற்கு எளிதில் ஆவியாகும் இலேசான பகுதிகள் தேவை. நின்ற பெட்ரோலில் முதலில் காணாமற்போவது அவைதாம். மீதமுள்ளது காற்றுடன் வினைபுரிந்து பிசினாக மாறத் தொடங்கும். பெயின்ட் அல்லது வார்னிஷை ஒத்த புளித்த நெடியும் கருமஞ்சள் நிறமும் அதன் அடையாளங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: எத்தனால் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும், ஈரம் அளவு மீறும்போது தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான் என்பதால் மேலே எவ்வளவு புதுப் பெட்ரோல் ஊற்றினாலும் எஞ்சினுக்கு முதலில் போவது அந்த நீர்க் கலவையே. குடுவையில் அடுக்கு பிரிந்தாலோ நெடி மாறியிருந்தாலோ டேங்க்கை முழுவதும் வடித்துவிட்டு, ஃபில்டரையும் மாற்றிய பின் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள்.

பிறகு கேஜ் வைத்து அழுத்தத்தை அளந்து பாருங்கள். சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் உள்ள பழைய கார்களில் பொதுவாக 2.5 முதல் 3.5 பார் வரை இருக்கும். உங்கள் காருக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அழுத்தம் சரியாக இருந்தும் பிளக் காய்ந்தே இருந்தால் இன்ஜெக்டர்கள் பிசினில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது அவற்றைத் திறக்கும் சிக்னல் வராமல் இருக்கலாம். இன்ஜெக்டர் கனெக்டரில் செருகும் சிறிய சோதனை விளக்கு செல்ஃப் எடுக்கும்போது மினுக்கினால் சிக்னல் வருகிறது, குறை இன்ஜெக்டரில்தான்.

கேள்வி: கார்புரேட்டர் கார். கார்புரேட்டர் வாயில் சிறிது பெட்ரோல் விட்டால் சில நொடிகள் ஓடி அணைந்துவிடுகிறது. இது எதைக் காட்டுகிறது?

எஞ்சின் நலமாக இருக்கிறது, அதற்கு உணவு போய்ச் சேரவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆனால் திறந்த வாயில் பெட்ரோல் விடும் முறையை இனித் தவிர்த்துவிடுங்கள். எஞ்சின் பின்னடித்தால் கையிலிருக்கும் குப்பியே தீப்பிடிக்கும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சின் ஓடாத நிலையில் திராட்டிலைக் கையால் வேகமாகத் திறந்து, கார்புரேட்டருக்குள் பாருங்கள். ஆக்சலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டர் என்றால் மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் பெரும்பாலும் ஃப்ளோட் கிண்ணம் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் இடம்) காலி. நெடுநாள் நின்ற காரில் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிவிடுவது இயல்புதான். செல்ஃப் எடுத்தும் அது நிரம்பாததே கவனிக்க வேண்டியது. கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, இக்னிஷன் காயிலின் இணைப்பை எடுத்துவிட்டுச் செல்ஃப் எடுத்துப் பாருங்கள். ஹோஸில் பெட்ரோல் விட்டுவிட்டுப் பாய்ந்தால் ஃபியூயல் பம்ப் வேலை செய்கிறது. அப்படியானால் கிண்ணத்துக்குள் பெட்ரோலை விடும் நீடில் வால்வு பெரும்பாலும் மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யும்போது ஜெட்டுகளில் (பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளைகள்) கம்பியை நுழைக்காதீர்கள். துளை பெரிதாகி, கலவை என்றைக்கும் சரியாக அமையாது. கிளீனரும் அழுத்தக் காற்றும் போதும்.

ஹோஸில் பெட்ரோல் வரவே இல்லை என்றால் பம்ப்பின் மேல் உடனே பழி போடாமல் டேங்க் முதல் பம்ப் வரையுள்ள ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். இந்தப் பகுதியில் பம்ப் உறிஞ்சுகிறது. ஆகவே வெடித்த ஹோஸ் வழியாகப் பெட்ரோல் வெளியே ஒழுகாமல் காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுக்கூட இருக்காது, பம்ப்போ வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். பம்ப்பின் உறிஞ்சும் ஹோஸைச் சுத்தமான பெட்ரோல் உள்ள கேனில் விட்டு, செல்ஃப் எடுத்துப் பாருங்கள். கேனிலிருந்து எடுத்தால் குறை டேங்க் பக்கம். கேனிலிருந்தும் எடுக்கவில்லை என்றால் பம்ப்பின் டயாஃப்ரம் (பெட்ரோலை உறிஞ்சும் சவ்வு) இறுகியோ கிழிந்தோ போயிருக்கலாம். கிழிந்த டயாஃப்ரம் பெட்ரோலை எஞ்சின் ஆயிலுக்குள் கசியவிடும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து, பெட்ரோல் வாசனை வந்தால் ஆயிலை மாற்றாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள்.

கேள்வி: பிளக்குகள் எல்லாம் தொப்பலாக நனைந்திருக்கின்றன. இப்போது என்ன செய்வது?

பிளக்குகளைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, ஆக்சலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் எடுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் அந்த நிலையில் பெட்ரோல் பீச்சுவது நின்று, உள்ளே காற்று மட்டும் போகும். ஒவ்வொரு முறையும் 10 வினாடிக்கு மேல் எடுக்காமல் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள். மீண்டும் நனைந்தால் ஸ்பார்க்கைச் சோதியுங்கள்.

கேள்வி: என்னுடையது பழைய டீசல் கார். மேலே சொன்னவை இதற்கும் பொருந்துமா?

டேங்க், ஹோஸ், ஃபில்டர் பற்றியவை பொருந்தும். டீசலில் முதல் சந்தேகம் லைனில் காற்று புகுந்திருப்பது. ஃபில்டரின் மேலுள்ள கை பம்ப்பை, குமிழி இல்லாத டீசல் வரும்வரை அழுத்தி, ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரையும் வடித்துவிடுங்கள். தண்ணீர் தங்கிய டேங்க்கில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கருமையான வழவழப்பான படிவமாக ஃபில்டரை அடைக்கும். குளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் கருவி) உள்ள எஞ்சினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை அடிக்கவே கூடாது. காமன் ரெயில் அமைப்பு (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய் கொண்டது) என்றால், எஞ்சின் சுழலும்போது எந்த நட்டையும் தளர்த்தாதீர்கள். 1000 பாருக்கும் மேல் போகக்கூடிய அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கேள்வி: ஒருவழியாக ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் பத்து நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது. சிறிது நேரம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது. ஏன்?

நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுக்கப்படும் சத்தம் கேட்டு, வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆனால், டேங்க்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது. அப்படி இல்லாவிட்டால் ஃபில்டரைக் கழற்றி, அதன் உள்வழியில் தேங்கியதை வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். செந்துருத் தூள் தெரிந்தால் டேங்க்கின் உட்புறம் துருப்பிடித்து, பம்ப்பின் வலையில் படிந்து அடைக்கிறது. எஞ்சின் நின்றதும் துரு கீழே விழுவதால்தான் மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது. டேங்க்கைச் சுத்தம் செய்யாமல் ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் இதே நிலை தொடரும்.

கேள்வி: டேங்க்கிலிருந்து பெட்ரோலை ஹோஸ் வைத்து வாயால் இழுத்து வடிக்கலாமா?

கூடவே கூடாது. நுரையீரலுக்குள் போகும் சிறிதளவு பெட்ரோலே கடும் பாதிப்பை உண்டாக்கும். கை பம்ப்பைப் பயன்படுத்துங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையிலும் பள்ளத்திலும் தேங்கும். ஆகவே திறந்த வெளியில், பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முன்னதாகவே கழற்றிவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பானை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யுங்கள். இன்ஜெக்ஷன் காரில் எந்த ஹோஸையும் கழற்றுவதற்கு முன் லைனின் அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். வடித்த பழைய பெட்ரோலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடியுள்ள உலோகக் கேனில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஒப்படையுங்கள்.