மரவளையத்தில் மழை தெரியும், நெல் தெரியுமா?

கேள்வி: மொரட்டுவையில் ஒரு மரக்காலையில் அறுத்துப் போட்டிருந்த தேக்கங்குற்றியைப் பார்த்தேன். சில வளையங்கள் அகலம், சில நூல்போல ஒடுக்கம். இதை வைத்தே பழைய காலத்து மழையையும் விளைச்சலையும் சொல்கிறார்களாமே? எங்கள் வன்னி வயல்களுக்கும் சொல்ல முடியுமா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: மழையைச் சொல்லலாம். விளைச்சல் என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

அடுத்த முறை அந்தக் குற்றியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள், ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாகத் தெரியும். வறட்சியில் இலையுதிர்த்து நின்ற மரம் மறுபடி தளிர்த்து வளரத் தொடங்கும்போது போடுவது அது. தண்ணீர் கிடைக்காத வருஷம் வளையம் ஒடுங்கும். கேரளத் தேக்குகளில் 1481 வரை பின்னோக்கிப் போயிருக்கிறார்கள், பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடாகும் எல் நினோவால் பருவமழை பொய்த்த ஆண்டுகள் பலவற்றில் வளையம் மெலிந்துதான் கிடக்கிறது. 2010இல் மரவளைய ஆய்வாளர் எட்வர்ட் குக்கின் குழுவினர் ஆசியா முழுவதும் முந்நூறுக்கு மேற்பட்ட மரவளையத் தொடர்களைச் சேர்த்து வறட்சி வரைபடம் போட்டார்கள். நம் பாட்டன்மார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன 1876-78 வறட்சி அதில் பளிச்சென்று இருக்கிறது. ஒரே மரத்தை நம்பி எதுவும் சொல்வதில்லை, பக்கத்து மரத்தை வெட்டினாலும் மிச்ச மரத்துக்கு வெளிச்சம் கூடி வளையம் கொழுத்துவிடும், அதனால் பல மரங்களை ஒப்பிட்டுத்தான் ஆண்டைக் குறிப்பார்கள்.

சரி, விளைச்சல்? கையில் இருக்கும் அறுவடைக் கணக்கில் ஒரு பகுதியை வளையத்தோடு பொருத்தி, மிச்சப் பகுதியில் அந்தப் பொருத்தம் நிற்கிறதா என்று சோதித்து, நின்றால்தான் கணக்கில்லாத பழைய காலத்துக்குப் போவார்கள். வானம் பார்த்த பயிருக்கு இது ஓரளவு ஒத்துவரும். வன்னியில் நடுவே குளம் இருக்கிறதே! மழை குறைந்த வருஷமும் குளத்தில் தண்ணீர் இருந்தால் நெல் விளையும், காட்டு மரத்துக்கு அந்த வாய்க்கால் போகாது. மறுபக்கமும் உண்டு. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்களே, அடுத்து வந்த பெரும்போகத்தில் நெல் எப்படி விழுந்தது என்று உங்களுக்கே தெரியும். அந்த வருஷத்து வளையத்தில் அதைத் தேடினால் கிடைக்குமா? மரம் அரசாங்கச் சுற்றறிக்கை படிப்பதில்லை. ஆகவே வளையத்தை மட்டும் காட்டி இந்த ஆண்டில் இத்தனை புசல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பலாவிலும் ஊர்ப் பனையிலும் எண்ணிப் பார்க்கலாமா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கொழும்பில் நீண்ட வறட்சி இல்லை, பலாவில் வருஷத்துக்கொரு வளையம் தெளிவாக விழும் என்று எதிர்பார்க்க முடியாது. பனைக்கும் தென்னைக்கும் உள்ளே வளையமே கிடையாது, வெளியே தெரிபவை மட்டை விழுந்த தழும்புகள்.