ஆண்களுக்குப் பூ, ரிப்பன், மினுமினுப்பு இல்லாமல் வாழ்த்து அட்டையைக் கையால் செய்வது எப்படி?

கேட்டிருப்பது இதுதான்: அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று என இரண்டு அட்டைகள் வேண்டும். எந்த மாதிரியைப் பார்த்தாலும் பூவும் ரிப்பனும்தான் இருக்கின்றன. கையில் கட்டர், ஃபெவிகால், கொஞ்சம் வண்ணத் தாள், பழைய அட்டைப்பெட்டி இருக்கின்றன.

பூவும் மினுமினுப்பும் ஒரு அட்டையில் அழகுக்கு மட்டும் இருப்பதில்லை. கோணலான வெட்டையும், பசை கசிந்த இடத்தையும், வெடித்த மடிப்பையும் அவைதான் மறைக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் வெட்டும் மடிப்பும் ஒட்டும் அப்படியே கண்ணுக்குத் தெரியும். அதனால் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை அலங்காரத்தில் செலவிடாமல் இந்த மூன்றிலும் செலவிடுங்கள். நிறம் மூன்றுக்கு மேல் வேண்டாம். கருநீலம், சாம்பல், பழுப்பு, பாட்டில் பச்சை, மெரூன் ஆகியவற்றில் இரண்டு, கூட ஒரு வெள்ளை அல்லது கடுகு மஞ்சள் போதும்.

முதலில் தாள். பிரின்டரில் போடும் ஏ4 தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனம்தான், அட்டையாக நிற்காது. சாதாரண மடிப்பு அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் ஐவரி கார்டு சரியாக இருக்கும். காலர் போல நுணுக்கமாக மடிக்க வேண்டிய வேலைக்கு 160 முதல் 180 ஜிஎஸ்எம் போதும், அதற்கு மேல் போனால் மடிப்பு வெடிக்கும். பள்ளி நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் மேலே ஒட்டுவதற்கு மிக நல்ல பொருள். புதுச் சட்டை வாங்கும்போது முதுகுப் பக்கம் ஒரு அட்டை வைத்து மடித்திருப்பார்களே, அதைத் தூக்கி எறியாதீர்கள். பின்னால் பலத்துக்கு ஒட்டவும், உறைக்குள் வைக்கவும் அது கச்சிதம்.

தாளில் நார் ஓடும் திசை ஒன்று உண்டு. பல மடிப்புகள் கெடுவது இதைக் கவனிக்காததால்தான். தாளை மடிக்காமல் நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவின் கோட்டோடுதான் நார் ஓடுகிறது. மடிப்பும் அதே திசையில் விழுந்தால் கத்தி போல நேராக வரும். குறுக்கே விழுந்தால் விளிம்பில் நார் பிரிந்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும், அடர்நிறத் தாளில் இது இன்னும் மோசம். ஏ4 ஆக வெட்டி விற்கும் தாள்களில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும். அதைப் பாதியாக மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கேதான் வரும். கனத் தாள் என்றால் பெரிய ஷீட்டாக வாங்கி, திசை பார்த்து நீங்களே வெட்டிக்கொள்வது நல்லது.

மடிக்கும் முன் கோடு அழுத்த வேண்டும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா போதும். ஸ்டீல் ஸ்கேலை வைத்து அட்டையின் வெளிப்பக்கத்தில் இரண்டு முறை அழுத்தி இழுங்கள். ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் சிறு மேடும் உண்டாகும். பள்ளத்தை உள்ளே வைத்து மடிப்பதுதான் பலரின் பழக்கம், அது தவறு. மேடு உள்ளே போக வேண்டும், பள்ளம் வெளியே இருக்க வேண்டும். அப்படி மடித்தால் வெளிப்பரப்பு இழுபடுவது குறைந்து விளிம்பு வெடிக்காது.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம், நீளக்கோடு ஒருபோதும் நேராக வராது. கட்டரில் முனையை உடைத்துப் புது பிளேடு முனை எடுத்துக்கொண்டு, லேசாக மூன்று முறை இழுங்கள். ஒரே இழுப்பில் வெட்ட அழுத்தினால் பிளேடு சாய்ந்து விளிம்பு சரிவாகும். நமக்கு வேண்டிய பகுதியின் மேல் ஸ்கேல் இருக்கட்டும். கை தவறினாலும் வெட்டு கழிவுப் பக்கம் போகும். பிளாஸ்டிக் ஸ்கேலை பிளேடு செதுக்கிவிடும், பிறகு அந்த ஸ்கேலில் எந்தக் கோடும் நேராக வராது.

அப்பாவுக்குச் சட்டை அட்டை. கோட்டும் டையும் போட்ட மாதிரிகளே எங்கும் கிடைக்கும். ஆனால் டையே கட்டாத மனிதருக்கு அது யாருடைய அட்டையோ போலிருக்கும். அவர் தினமும் போடும் சட்டையைப் போலவே பையும் பொத்தானும் வைத்துச் செய்தால் அது அவருடையதாகும்.

ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் 14.8 செ.மீ. அகலமும் 21 செ.மீ. உயரமும் கிடைக்கும். மடிப்பு இடப்பக்கம் இருக்கட்டும். இப்போது விரித்து, பின்பக்கத்துப் பாதியில் மட்டும் மேலே 3 செ.மீ. பட்டையை முழு அகலத்துக்கும் வெட்டி எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் தோளுக்கு மேலே பின்தாள் சதுரமாக எட்டிப் பார்க்கும். முன்பக்கத்தில், மேலிருந்து 3 செ.மீ. கீழே, இரு ஓரத்திலிருந்தும் உள்நோக்கி 3 செ.மீ. நீளத்துக்குக் கிடைவெட்டு. வெட்டு முடியும் புள்ளியிலிருந்து மேல்விளிம்புக்கு, கழுத்தை நோக்கி 45 பாகைச் சாய்வில் கோடு அழுத்துங்கள். அது மேல்விளிம்பை ஓரத்திலிருந்து 6 செ.மீ. தள்ளித் தொடும். அந்தக் கோட்டில் இரண்டு மடல்களையும் முன்னால் மடித்தால் காலர் தயார். நடுவே 2.8 செ.மீ. இடைவெளி கழுத்தாக நிற்கும்.

மடிப்பின் சாய்வு 45 பாகையை விடச் செங்குத்தாகப் போனால் இரண்டு மடல்களும் நடுவை நோக்கிச் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். படுக்கையாகப் போனால் காலர் விரிந்து தோளில் விழும். சட்டை கோணலாகத் தெரிந்தால் முதலில் இந்த இரண்டு கோடுகளையும்தான் அளந்து பார்க்க வேண்டும். மடித்த மடலின் அடி சதுரமாக இருக்கும். கழுத்துப் பக்க மூலையை அப்படியே விட்டு, வெளிப்பக்கம் 1.5 செ.மீ. மேலே ஏறும்படி சாய்வாக நறுக்கினால் காலர் முனை கூர்மையாக வரும். இன்னொன்று, மடலில் வெளியே தெரிவது தாளின் பின்பக்கம். ஒருபக்கம் மட்டும் நிறமுள்ள தாள் என்றால் காலர் வெள்ளையாகத்தான் வரும். இருபக்கமும் கோடு போட்ட தாள் என்றால், உடம்பில் நெட்டையாக ஓடும் கோடு காலரில் படுக்கையாகத் திரும்பும். நல்ல தையல்காரர் தைத்தது போல அதுவே அழகாக இருக்கும்.

நடுவில் 2.5 செ.மீ. அகலப் பொத்தான் பட்டி ஒட்டுங்கள். ஆண்கள் சட்டையில் போடுபவரின் இடப்பக்கத் துணிதான் மேலே வரும், அதாவது பட்டியின் விளிம்பு பார்ப்பவருக்கு இடப்பக்கம் விழும். பட்டியின் இடது ஓரத்தில் மட்டும் பென்சிலால் மெல்லிய நிழல் கொடுத்தால் போதும், அது ஆண் சட்டை என்று கண் தானாகச் சொல்லிவிடும். பஞ்சிங் மெஷினில் விழும் வெள்ளை வட்டங்களை 3 செ.மீ.க்கு ஒன்றாக ஒட்டினால் பொத்தான்.

பை 5 செ.மீ. அகலம், 5.5 செ.மீ. உயரம். பார்ப்பவருக்கு வலப்பக்கம், மேலிருந்து 7.5 செ.மீ. கீழே. அவசரத்தில் இதை இடப்பக்கம் ஒட்டிவிடுவது சகஜம், ஒட்டும் முன் ஒருமுறை உங்கள் சட்டையைப் பார்த்துவிடுங்கள். மூன்று ஓரங்களில் மட்டும் 3 மி.மீ. அகலத்தில் பசை, வாய் திறந்திருக்க வேண்டும். 500 ரூபாய் நோட்டு 15 செ.மீ. நீளம், 6.6 செ.மீ. அகலம். நீளத்தை இரண்டு முறை பாதியாக மடித்தால் 3.75 செ.மீ. ஆகும். பைக்குள் நிறுத்தினால் வாய்க்கு மேலே ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. எட்டிப் பார்க்கும். பணம் வேண்டாம் என்றால் அதே அளவில் ஒரு துண்டுக் கடிதம். அறுபதாம் கல்யாணத்தோடு சேர்ந்து வரும் பிறந்தநாள் என்றால் சட்டைத் தாளை வெள்ளையாக எடுத்து, அடியில் 1 செ.மீ. தங்க நிறத் தாளை வேட்டிக் கரை போல ஒட்டிவிடுங்கள். இந்த ஒரு மினுமினுப்புக்கு மட்டும் இடம் கொடுக்கலாம்.

பசை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஃபெவிகாலில் தண்ணீர் உண்டு. தாள் அதைக் குடித்து நாருக்குக் குறுக்கே விரிந்து, காயும்போது சுருங்கும். அட்டை ஓலை போல வளைவது அதனால்தான். தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்தால் வளைவு இன்னும் கூடும். ஒரு அட்டைத் துண்டால் வழித்து, படலம் போல மெல்லியதாக, ஓரங்களில் மட்டும் தடவுங்கள். ஒட்டும் இரண்டு தாள்களிலும் நார் ஒரே திசையில் ஓட வேண்டும். மேலே பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களின் கீழ் ஓர் இரவு விடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு இரவு. பெரிய பரப்புக்குப் பசையே வேண்டாம், இருபக்க டேப் சுத்தமாக இருக்கும்.

எழுத்தை வெட்டி ஜன்னல் போல விட்டு, உள்ளே வேறு நிறத் தாள் வைப்பது ஆண்களின் அட்டைக்கு நன்றாகப் பொருந்தும். தமிழில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. ‘அப்பா’ என்று வெட்டினால் ‘அ’வின் சுழிக்குள் இருக்கும் துண்டு தனியே விழுந்துவிடும். சுழியை முழுதாகச் சுற்றி வெட்டாமல் ஒரு இடத்தில் 2 மி.மீ. பாலம் விடுங்கள். ‘ப’ திறந்த எழுத்து, தொல்லையில்லை. ‘ப்’ மேல் உள்ள புள்ளிக்குக் கட்டரே வேண்டாம், பஞ்சிங் துளை போதும். ‘அண்ணா’ என்றால் மூன்று சுழி ‘ண’ இரண்டு முறை வருகிறது. எழுத்து 2 செ.மீ. உயரத்துக்குக் குறைந்தால் சுழிகள் கிழிந்துவிடும், 3 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் வரைந்து வெட்டுவதானால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வரைய மறக்க வேண்டாம்.

அண்ணனுக்குப் பைக் எழுந்து நிற்கும் அட்டை செய்யலாம். 21 × 14.8 செ.மீ. தாளைப் பாதியாக மடித்தால் ஒவ்வொரு பக்கமும் 10.5 செ.மீ. உயரம். மடிப்பு படுக்கையாக இருக்கட்டும், மேல் பக்கம் பின்னணி, கீழ்ப் பக்கம் ரோடு. மடிப்பின் இருபுறமும் 2.5 செ.மீ. போகும்படி இரண்டு இணைவெட்டு, நடுவில் 2 செ.மீ. பட்டை. இது போல இரண்டு பட்டைகள், 4 செ.மீ. இடைவெளியில். பட்டைகளை எதிர்த்திசையில் மடித்து உள்ளே தள்ளினால் படிக்கட்டு போல நிற்கும். பைக்கை அவற்றின் முன்முகத்தில், சக்கரம் ரோட்டைத் தொடும்படி ஒட்டுங்கள். அட்டையை மூடும்போது பைக் வெளியே நீட்டாமல் இருக்க ஒரு கணக்கு உண்டு: வெட்டின் 2.5 செ.மீ.யும் பைக்கின் உயரமும் சேர்ந்து 10.5ஐத் தாண்டக் கூடாது.

சக்கரத்துக்குப் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து வரையலாம், அதன் விட்டம் 27 மி.மீ. அந்தச் சக்கரத்துக்கு இரண்டு மையங்களுக்கும் இடையே 6 செ.மீ., மொத்த நீளம் 9 செ.மீ., உயரம் நான்கரை என்று வைத்தால் பைக் நிஜ அளவுப் பொருத்தத்தில் வரும். கம்பிகளை வெட்ட முயல வேண்டாம், கட்டாயம் அறுந்துபோகும். கறுப்புச் சக்கரத்தில் வெள்ளை ஜெல் பேனாவால் போடுங்கள், பத்து நிமிடமாவது விரல் படக் கூடாது. உள்ளே இருக்கும் சிறு ஜன்னல்களை முதலில் வெட்டி, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டுங்கள். வளைவில் கத்தியைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள். பட்டை வெட்டிய ஓட்டை பின்னால் தெரியும், அதை மூட 2 மி.மீ. பெரிய வெளித்தாள் ஒன்றை ஒட்ட வேண்டும். அப்போது பட்டைகளின் பின்னால் ஒரு பொட்டுப் பசை பட்டாலும் பைக் எழாது.

பழைய அட்டைப்பெட்டியை வீணாக்க வேண்டாம். மேல்தாளில் ஈரத்துணியால் ஒற்றி ஐந்து நிமிடம் விட்டு உரித்தால் உள்ளே அலையலையான பரப்பு கிடைக்கும். அலைகளைப் படுக்கையாக வைத்துச் சாம்பல் நிறம் அடித்தால் கடை ஷட்டர் போலவே இருக்கும். கடை வைத்திருப்பவருக்கு, ஷட்டரைத் தூக்கினால் உள்ளே வாழ்த்து தெரியும்படி மேல் ஓரத்தை மட்டும் ஒட்டுங்கள்.

அடர்நிற அட்டையில் உள்ளே எழுத, நாலு பக்கமும் 5 மி.மீ. சிறியதாக வெட்டிய வெள்ளைத் தாளை மடித்துச் செருகி, மடிப்போரம் மட்டும் ஒரு கோடு பசை வையுங்கள். முழுக்க ஒட்டினால் மூடும்போது உள்தாள் சுருங்கி மடியும்.

தபாலில் அனுப்புவதானால் எடையைப் பாருங்கள், கட்டணம் 20 கிராம் கணக்கில் ஏறும். 250 ஜிஎஸ்எம் ஏ4 ஒன்றே 15.6 கிராம், 180 ஜிஎஸ்எம் என்றால் 11.2. உள்தாளும் உறையும் சேர்ந்தால் முதல் இருபதைத் தாண்டிவிடும். உறையை அட்டையை விட ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. பெரியதாகச் செய்யுங்கள். காலரும் பையும் நசுங்காமல் இருக்க, புதுச் சட்டைக்குள் இருந்து எடுத்து வைத்த அட்டையை அதே அளவுக்கு வெட்டி முன்பக்கம் வைத்து மூடுங்கள்.