கடலை மாவு இருக்க ‘குளூட்டன் ஃப்ரீ’ பிரெட் எதற்கு?

கேள்வி: அடுத்த மாதம் என் கணவருக்கு அறுபதாவது பிறந்தநாள். நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே 25 பேருக்கு மாலை விருந்து. பெங்களூரிலிருந்து வரும் என் நாத்தனாரின் பேத்திக்கு 9 வயது, சீலியாக் நோய். கோதுமை கூடவே கூடாது. என் மகளோ இத்தாலிய உணவுதான் வேண்டும் என்கிறாள். அந்தக் குழந்தை மட்டும் ஓரமாக உட்கார்ந்து இட்லி சாப்பிடாமல், எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற மாதிரி சுலபமான ஸ்டார்ட்டர் ஒன்று சொல்லுங்கள். வீட்டில் ஓடிஜி (சின்ன மின்சார ஓவன்) இருக்கிறது. கேட்டரிங்காரர் ‘குளூட்டன் ஃப்ரீ’ (கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இல்லாத) ப்ரூஸ்கெட்டா, அதாவது வாட்டிய பிரெட்டின் மேல் தக்காளி வைத்தது, செய்து தருகிறேன் என்கிறார், தலைக்கு 180 ரூபாய் கூடுதலாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 25 பேருக்கு 4,500 ரூபாய் ஆகிறது. அதில் ஒரு பகுதியை எடுத்து ஒரு புது சல்லடையும் இரண்டு பேக்கிங் தட்டும் வாங்குங்கள். சல்லடை எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ஃபரினாட்டா. இத்தாலியின் வடமேற்கில் கடலை ஒட்டிய லிகூரியா பகுதியின் பண்டம். ஜெனோவா நகரத்தில் விறகு அடுப்பிலிருந்து பெரிய செம்புத் தட்டோடு எடுத்து, சுடச்சுட வெட்டிக் கொடுப்பார்கள். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். கோதுமையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு எதையோ திணித்த பண்டம் இல்லை இது. பிறவியிலேயே கோதுமை கிடையாது. 1284-ல் மெலோரியா கடற்போரில் பீசா நகரத்தாரைத் தோற்கடித்துவிட்டு ஜெனோவாக் கப்பல்கள் திரும்பியபோது புயல் அடித்து, மூட்டையிலிருந்த கடலை மாவும் எண்ணெயும் கடல் தண்ணீரில் கலந்துவிட்டதாம். வெயிலில் காய்ந்த அந்தக் கூழ்தான் முதல் ஃபரினாட்டா என்று ஒரு கதை சொல்வார்கள். கதை கிடக்கட்டும். அவர்கள் வெள்ளைக் கொண்டைக்கடலையை அரைக்கிறார்கள், நாம் கறுப்புக் கொண்டைக்கடலையைத் தோல் நீக்கி உடைத்த கடலைப்பருப்பை அரைக்கிறோம். செடி ஒன்றுதான்.

தக்காளி, மொசரெல்லா சீஸ், பேசில் இலை மூன்றையும் குச்சியில் குத்தி வைத்தால் இன்னும் சுலபம், அதிலும் கோதுமை இல்லை. ஆனால் சென்னை மொட்டை மாடியில் புது மொசரெல்லா அரை மணி நேரத்தில் வேர்த்துத் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். போலென்டா என்கிற இத்தாலியக் களி செய்யலாம் என்று யாராவது சொன்னால், கடையில் ‘கார்ன் ஃப்ளார்’ என்று கேட்டு வாங்கி வந்துவிடாதீர்கள். அது சோள மாச்சத்து, ஐஸ்கிரீமுக்கும் மஞ்சூரியனுக்கும் போடுவது. போலென்டாவுக்கு மக்காச்சோள ரவை வேண்டும். இந்தக் குழப்பமெல்லாம் உங்களுக்கு எதற்கு?

சரி, செய்முறை. 250 கிராம் கடலை மாவு, முக்கால் லிட்டர் தண்ணீர், ஒன்றரை டீஸ்பூன் உப்பு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டி இல்லாமல் கரையுங்கள். ரவா தோசைக்குக் கரைப்போமே, அந்தப் பதம். (பதத்தோடு சரி. ரவையைக் கிட்டே கொண்டுவராதீர்கள், அது கோதுமை.) குறைந்தது நாலு மணி நேரம் ஊறட்டும். ஜெனோவாக்காரர்கள் வெளியே வைப்பார்கள், நம் வெயிலுக்குப் புளித்துவிடும், ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேலே வெள்ளையாக நுரை கட்டும், அதைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். பச்சையாக நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கசக்கிறதே என்று பயப்பட வேண்டாம், வெந்தால் போய்விடும்.

ஓடிஜியை 250 டிகிரிக்குச் சூடாக்குங்கள். 25 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் இரண்டு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய் விட்டு, தட்டையும் உள்ளே வைத்துச் சூடேற்றி, மாவில் மூன்றில் ஒரு பங்கை ஊற்றுங்கள். அரை சென்டிமீட்டர் உயரம் நிற்கும். எண்ணெய் மேலே மிதந்து வரும், கரண்டியின் பின்பக்கத்தால் லேசாக ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். மேலே கொஞ்சம் ரோஸ்மேரி தூவுங்கள், கிடைக்காவிட்டால் மெல்லிய வெங்காயமும் மிளகுத்தூளும். 20 முதல் 25 நிமிடத்தில் ஓரம் சிவந்து தட்டைவிட்டு விலகும். மேலே மொறுமொறு, உள்ளே கஸ்டர்டு மாதிரி இருக்க வேண்டும். ஐந்துக்கு ஐந்து என்று வெட்டினால் ஒரு தட்டுக்கு 25 துண்டு, மூன்று தட்டுக்கு 75. ஒரு தட்டு வேகும்போது இன்னொன்றில் அடுத்ததைத் தயார் செய்யத்தான் இரண்டு தட்டு. ஆறிப்போனால் இதன் அழகு போய்விடும், அதனால் விருந்தினர் வந்தபிறகு ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

இனி சல்லடைக்கு வருகிறேன்.

கடலை மாவு கட்டி கட்டியாக இருக்கும், சலிக்கத்தான் வேண்டும். நீங்கள் எதில் சலிப்பீர்கள்? சப்பாத்திக்குக் கோதுமை மாவு சலிக்கிற அதே சல்லடையில். கழுவியதுதானே என்பீர்கள். அந்தச் சல்லடையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வலையும் விளிம்பும் சேருகிற மடிப்பில் பழுப்பாகக் கோதுமை மாவு இறுகிப்போய் உட்கார்ந்திருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் வராது. சப்பாத்திப் பலகையும் கட்டையும் அப்படித்தான். சப்பாத்தியும் தோசையும் ஒரே கல்லில் சுடும் வீடாக இருந்தால் தோசைக்கல்லும் அப்படியே.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று பாக்கெட்டில் போட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராம் குளூட்டனைத் தாண்டக் கூடாது. ஒரு கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் இருக்கும். அதாவது ஒரு கிலோ கடலை மாவில் ஒரே ஒரு கிராம் கோதுமை மாவு கலந்தால்கூட எல்லையைப்போல் நாலு மடங்கு. சீலியாக் என்பது மாத்திரை போட்டால் அடங்குகிற அலர்ஜி இல்லை. குளூட்டன் உள்ளே போனால் உடம்பே தன் சிறுகுடலின் உறிஞ்சிகளைத் தாக்கும். குழந்தை அன்றைக்கு வாந்தி எடுக்காமல் சிரித்துக்கொண்டே விளையாடலாம், உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும்.

இப்போது மாவு மில். தெருமுனை மில்லில் கடலைப்பருப்பு கொடுத்து அரைப்பதைவிடக் கெட்ட வழி கிடையாது. உங்களுக்கு முன்னால் வந்தவர் பத்து கிலோ கோதுமை அரைத்திருப்பார். “மிஷின துடைச்சிட்டுத்தாம்மா போட்டேன்” என்பார் மில்காரர். உங்கள் டப்பாவில் விழும் முதல் மாவு முந்தையவருடையது. உதிரியாக நிறுத்துக் கொடுக்கும் கடலை மாவும் வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. கடலைப்பருப்பாக வாங்குங்கள். தாம்பாளத்தில் கொட்டி, கோதுமை மணி ஏதாவது கிடக்கிறதா என்று பொறுக்குங்கள். இரண்டு தடவை கழுவி, துணியில் மொறுமொறுவெனக் காயவைத்து, மிக்ஸியில் அரைத்து, புது சல்லடையில் சலியுங்கள்.

கேட்டரிங்காரர் விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், ஒரு வரவேற்பில் கண்ணால் பார்த்தேன். ‘குளூட்டன் ஃப்ரீ கவுண்டர்’ என்று பூவெல்லாம் வைத்து அலங்காரம். பீட்சாவின் அடிமாவு எதில் செய்தது என்று கேட்டேன். “மைதாவே இல்ல மேடம், முழுக்க ரவை” என்றார் மேற்பார்வையாளர், பெருமையாக. மைதா, ரவை, சம்பா ரவை, சேமியா எல்லாம் ஒரே கோதுமையின் பிள்ளைகள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று கூடுதல் வசூலிக்க மட்டும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்தது உங்கள் வீட்டுப் பெரியவர்கள். கடலை மாவைப் பார்த்ததும் யாராவது ஒருவர், “வாயுவாச்சே, ஒரு சிட்டிகை பெருங்காயம் போடு” என்பார்கள். நீங்கள் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் போட்டும்விடுவார்கள். கை வைக்கவிடாதீர்கள். செடியிலிருந்து எடுக்கும் பிசினில் கோதுமை இல்லை. ஆனால் அது அப்படியே பயன்படுத்த முடியாத அளவுக்குக் காரமான வாசனை உள்ளது, அதனால் கருவேலம் பிசினும் மாவும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. தூள்தானே அப்படி, கட்டிப் பெருங்காயம் சுத்தம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கட்டியிலும் மாவு உண்டு. கோதுமைக்குப் பதிலாக அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் விற்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. டப்பாவின் பின்னால் ‘அரிசி மாவு’ என்று போட்டிருக்க வேண்டும், அதற்குக் கீழே ‘கோதுமை இருக்கலாம்’ என்கிற வரி இருக்கக் கூடாது, இரண்டையும் பார்க்க வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள். போன மாதம் பார்த்தேன் என்பதற்காக இந்த மாத டப்பாவைப் படிக்காமல் விடாதீர்கள், தயாரிப்பு மாறும். ஃபரினாட்டாவோடு இது முடியவும் இல்லை. நீர்மோர், அப்பளம், முறுக்கு, ஊறுகாய், இட்லி மிளகாய்ப்பொடி எல்லாவற்றிலும் அந்த டப்பா புகுந்திருக்கிறது. குழந்தைக்கு இட்லி பாதுகாப்பு என்று நினைத்துப் பொடியைத் தூவிக் கொடுக்கிறோம்.

இதையெல்லாம் 60 வயதில் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் பாக்கெட்டில் சொல்ல வேண்டும் என்று நம் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி இருக்கிறது. விதி இருக்கிறது, எழுத்துதான் கடுகைவிடச் சின்னது. உதிரியாக விற்பதற்கு அந்தப் பாக்கெட்டே கிடையாது. இத்தாலியில் 2005-ல் சீலியாக் நோயாளிகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். குளூட்டன் இல்லாத உணவு வாங்க மாதாமாதம் அரசு ஒரு தொகை தருகிறது, பள்ளி உணவுக்கூடத்தில் கேட்டால் தனிச் சாப்பாடு தர வேண்டும். இங்கே அந்தக் குழந்தையின் அம்மா டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள்.

விருந்தன்று முதல் தட்டிலிருந்து குழந்தையின் பங்கைத் தனி டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு மேஜைக்குக் கொண்டுபோங்கள். ப்ரூஸ்கெட்டா, பாஸ்தா என்று வேறு எது இருந்தாலும் அது தனி மேஜை, தனி இடுக்கி. வெட்டுகிற கத்தி பிரெட் வெட்டியதாக இருக்கக் கூடாது. முந்தின வாரமே குழந்தையின் அம்மாவுக்கு ஃபோன் செய்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள். அவருக்கு உங்களையும் என்னையும்விட நன்றாகத் தெரியும்.

ஃபரினாட்டாவின் மேலே வைக்கத் தக்காளியைப் பொடியாக நறுக்கி, உப்பும் ஆலிவ் எண்ணெயும் கலந்து கொள்ளுங்கள். பேசில் கிடைக்காவிட்டால் திருநீற்றுப்பச்சிலை இரண்டு இலை கிள்ளிப் போடுங்கள். சப்ஜா விதை தருகிற செடி அது, பேசிலின் அதே இனம், வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். தேங்காய்ச் சட்னி இல்லாமல் எங்கள் வீட்டில் எதுவும் இறங்காது என்று யாராவது சொன்னால், அதையும் வையுங்கள். தாளிப்பில் பெருங்காயம் இல்லாமல்.