ஆபரேஷன் வயிற்றில், வலி தோளில்!

கேள்வி: போன மாதம் என் மாமியாருக்குப் பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். வயிற்றில் நாலு சின்னத் துளைதான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் வயிற்றைவிட வலது தோள்தான் வலிக்கிறது என்றார். டாக்டர் "கேஸ்தான், போயிடும்" என்று முடித்துவிட்டார். பெருங்காய மோர், பூண்டு ரசம், தைலம் எதுவும் கேட்கவில்லை. கீழ்வீட்டு மாமி வேறு ஹார்ட்டாக இருக்கும் என்று கிளப்பிவிட்டார். மூன்று நாளில் தானாகவே போய்விட்டது, ஆனாலும் கேட்கிறேன்: வயிற்று வாயு தோளுக்கு எப்படி ஏறும்?
- ஒரு வாசகி, மாதுங்கா, மும்பை

பதில்: மோர் மேல் தப்பில்லை. டாக்டர் சொன்ன கேஸ் சாப்பாட்டால் வந்த வாயுவே இல்லை. கருவியை விட்டு வேலை பார்க்க உள்ளே இடம் வேண்டுமே, அதற்காகக் கார்பன் டை ஆக்ஸைடைச் செலுத்தி வயிற்றை உப்ப வைப்பார்கள். முடிந்ததும் வெளியே விட்டாலும் கொஞ்சம் தங்கிவிடும். எழுந்து உட்கார்ந்தால் அது மேலே போய் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்கு அடியில் நின்று உறுத்தும். (படுத்தால் தேவலை என்று மாமியார் சொன்னாரா? கேட்டுப் பாருங்கள்.)

சரி, இதில் தோள் எங்கே வந்தது? உதரவிதானம் கவிழ்த்த வாணலி மாதிரி ஒரு தசை, அது சுருங்கித் தட்டையானால்தான் மூச்சு உள்ளே வரும். சுருங்கச் சொல்லும் கட்டளை மூளையின் அடியிலுள்ள முகுளத்தில் கிளம்புகிறது, நாம் தூங்கினாலும் நிமிடத்துக்குப் பன்னிரண்டு தடவையாவது. அதைக் கொண்டுவரும் ஃப்ரெனிக் நரம்பு, பக்கத்திலிருக்கும் முதுகை விட்டுவிட்டு, கழுத்தின் 3, 4, 5-ஆம் தண்டுவட நரம்புகளில் புறப்பட்டு, இருதயத்தை ஒட்டி இறங்கி, வலத்துக்கு ஒன்று இடத்துக்கு ஒன்று என்று வந்து சேர்கிறது. இவ்வளவு சுற்று எதற்கு என்றால், கருவின் நாலாவது வாரத்தில் உதரவிதானத்தின் ஆரம்பம் கழுத்தருகில்தான் இருக்கிறது. அப்போதே நரம்பு வந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தசை கீழே இறங்க இறங்க அதுவும் கூடவே நீண்டுகொண்டு வரும். டோம்பிவிலிக்குக் குடிபோன பிறகும் ரேஷன் கார்டை மாதுங்கா விலாசத்திலேயே வைத்திருப்பார்களே, அந்தக் கதைதான்.

தோள்பட்டைத் தோலின் உணர்ச்சியும் அதே 3, 4 வழியாகத்தான் போகிறது. தோளிலிருந்து தினமும் தகவல் வந்து பழகிய மூளை, உதரவிதானம் எப்போதாவது வலியில் கத்தினால் அதையும் தோள் கணக்கில் எழுதிவிடுகிறது. தைலம் எப்படிப் பலிக்கும்?

இந்த விலாசக் குழப்பத்தில் ஒரு நல்லதும் உண்டு. விபத்தில் தண்டுவடம் 5-க்குக் கீழே அடிபட்டால் கால்கள், ஏன், கைகளும்கூட செயலிழக்கலாம், ஆனால் உதரவிதானம் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும். 3-க்கு மேலே முழுதாக அறுந்துபோனால் வென்டிலேட்டர்தான்.

மிச்சமிருந்த கேஸ் ரத்தத்தில் கரைந்து நுரையீரலுக்குப் போய் மூச்சோடு வெளியேறிவிடும், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் போயிருக்கிறது. கீழ்வீட்டு மாமியைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். தோள்வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்தால் கேஸ்தான் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.