‘வெரி இன்ட்ரஸ்டட்’ சரி என்றால் ‘வெரி அஃபெக்டட்’ ஏன் தப்பு?

கேள்வி: துணி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சரக்கு தாமதமானதற்குக் காரணம் சொல்லி வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதும்போது, ‘தி டிஸ்பாச் வாஸ் வெரி அஃபெக்டட் ஃப்ரம் ரெயின்’ என்று போட்டிருந்தேன். மேனேஜர் அதை ‘பேட்லி அஃபெக்டட் பை’ என்று மாற்றிவிட்டார். ‘வெரி இன்ட்ரஸ்டட் இன்’ என்று எல்லோரும் எழுதுகிறார்களே, அது மட்டும் எப்படிச் சரி? ‘பேட்லி’ மாதிரி அட்வெர்ப், ‘அஃபெக்டட்’ மாதிரி பாஸ்ட் பார்ட்டிசிபிள், ‘பை’ மாதிரி பிரபொசிஷன் மூன்றையும் சேர்க்க விதி ஏதும் உண்டா?

பதில்: மேனேஜர் திருத்தியது சரிதான். தமிழில் ‘மிகவும்’ எதோடும் ஒட்டும். மிகவும் சோர்ந்த, மிகவும் பாதிக்கப்பட்ட என்று இரண்டையும் சொல்கிறோம். ஆங்கிலத்தின் ‘வெரி’ அப்படியில்லை. இன்ட்ரஸ்டட், டயர்ட், வொரிட் போன்றவை பார்ட்டிசிபிளாகப் பிறந்து, இப்போது ‘ஹேப்பி’ மாதிரி சாதாரணப் பெயரடையாகிவிட்ட சொற்கள். அவற்றின் முன் ‘வெரி’ உட்காரும். அஃபெக்டட், யூஸ்ட், ரெக்கமண்டட் ஆகியவற்றில் இன்னும் வினை உயிரோடு இருக்கிறது. யாரோ எதையோ செய்த வாசனை போகவில்லை. இவற்றுக்குத் தனித்தனித் துணை உண்டு: பேட்லி அஃபெக்டட், வைட்லி யூஸ்ட், ஹைலி ரெக்கமண்டட், சீரியஸ்லி இஞ்சர்ட். ஏன் யூஸ்டுக்கு ‘வைட்லி’, ரெக்கமண்டடுக்கு ‘ஹைலி’ என்று கேட்டால், பழக்கம்தான். நாம் ‘கொட்டும் மழை’ என்கிறோம், ‘ஊற்றும் காற்று’ என்பதில்லை, அந்த மாதிரி.

‘வெரி’ போட்டே ஆகவேண்டும் என்று கை அரித்தால் அட்வெர்புக்கு முன்னால் போடுங்கள். ‘வெரி பேட்லி அஃபெக்டட்’ தாராளமாகச் சரி.

அடுத்தது வரிசை. ‘மழையால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட சரக்கு’ என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் ‘கூட்ஸ் பேட்லி அஃபெக்டட் பை ரெயின்’. நமக்குக் கடைசியில் வரும் சரக்கு அங்கே முதலில் வருகிறது, முதலில் வரும் மழை கடைசிக்குப் போகிறது. ‘கடுமையாக’ மட்டும் இரண்டு மொழியிலும் பார்ட்டிசிபிளுக்கு முன்னாலேயே நிற்கிறது. அதனால் அட்வெர்ப் வைக்கும் இடத்தில் நமக்குத் தடுமாற்றம் குறைவு. அடி சறுக்குவது பிரபொசிஷனில்.

காரணம் நம் வேற்றுமை உருபுகள். ‘ஆல்’ என்ற ஒன்றுக்கு அங்கே பல சொற்கள். பருத்தியால் ஆன சட்டை ‘மேட் ஆஃப் காட்டன்’; சட்டையில் பருத்தி பருத்தியாகவே இருக்கிறது. மரத்தால் ஆன காகிதம் ‘மேட் ஃப்ரம் வுட்’. காகிதத்தில் மரம் தெரிவதில்லை, உருமாறிவிட்டது. ‘உடன்’ செய்யும் வம்பு இன்னொன்று. ‘அவருடன் கல்யாணம்’ என்று நினைத்து ‘மேரீட் வித்’ என்று எழுதுகிறோம். சரியானது ‘மேரீட் டு’. ஆனால் ‘மேரீட் வித் டூ சில்ட்ரன்’ என்பதும் தப்பில்லை: மணமானவர், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்!

‘வெல் நோன்’ மூன்று பக்கம் திரும்பும். எதற்காகப் பேர்போனவர் என்றால் ‘ஃபார்’, யாருக்குத் தெரிந்தவர் என்றால் ‘டு’, எப்படி அறியப்படுகிறார் என்றால் ‘ஆஸ்’. ஆகவே பிரபொசிஷனைத் தேர்ந்தெடுப்பது பார்ட்டிசிபிளும் நீங்கள் சொல்லவரும் பொருளும்தான். தமிழ் உருபை மொழிபெயர்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். புதிதாக ஒரு பார்ட்டிசிபிளைப் பார்த்தால் அதன் முன்னும் பின்னும் உள்ள சொல்லோடு சேர்த்தே நோட்டில் எழுதி வையுங்கள்.

ஹைஃபன் விஷயம் சின்னது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘எ வெல்-நோன் பையர்’ என்று வரும். ‘லி’யில் முடியும் அட்வெர்ப் என்றால் ஹைஃபன் வேண்டாம்: ‘எ ஹைலி குவாலிஃபைட் டெய்லர்’.

கடைசியாக, அலுவலகத்தில் தினமும் கண்ணில் படும் ‘ட்யூலி ஃபில்ட் இன்’. இங்கே ‘இன்’ பிரபொசிஷன் மாதிரித் தெரியும், ஆனால் இல்லை. ‘ஃபில் இன்’ இரண்டும் சேர்ந்துதான் படிவத்தைப் பூர்த்தி செய்வது. அதனால் அந்த ‘இன்’னுக்குப் பிறகு ஒன்றும் வராமலே வாக்கியம் முடியலாம். குடத்தில் தண்ணீர் நிரப்பினால்தான் ‘ஃபில்ட் வித்’.